இண்டியானாபொலிஸ் மூழ்கியதற்குக் கேப்டன் மெக்வே மட்டும் தண்டிக்கப்பட்டது ஏன்?

பாய்மரம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கக் கடற்படை இரண்டாம் உலகப்போரில் இழந்த கப்பல்கள் முந்நூறுக்கும் மேல். அவற்றுள் இண்டியானாபொலிஸ் என்ற கனரக குரூசரின் கதையைப் படித்ததிலிருந்து என் மனம் வேறெதிலும் செல்லவில்லை. படித்தவரையில் நான் புரிந்துகொண்டதை முதலில் சொல்லிவிட்டு, என் ஐயத்தை உங்கள் முன் வைக்கிறேன்.

1945 ஜூலை 16 அன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்ட இக்கப்பல், பின்னர் ஹிரோஷிமா மீது வீசப்பட்ட அணுகுண்டின் பாகங்களையும் அதற்குரிய யுரேனியத்தின் ஒரு பகுதியையும் சுமந்துகொண்டு, ஜூலை 26 அன்று டினியன் தீவில் இறக்கியது. தாம் சுமந்து செல்வது என்னவென்று கப்பலில் இருந்தவர்களுக்குத் தெரியாது. பிறகு குவாம் சென்று, அங்கிருந்து ஜூலை 28 அன்று பிலிப்பைன்ஸின் லெய்டே நோக்கித் துணைக்கப்பல் ஏதுமின்றித் தனியே புறப்பட்டது. ஜூலை 30 பிறந்து கால் மணி நேரம்கூட ஆகியிருக்குமோ என்னவோ, ஜப்பானின் ஐ-58 என்ற நீர்மூழ்கிக் கப்பல் ஏவிய டார்பிடோக்களில் இரண்டு வலப்புறத்தில் தாக்கின. பன்னிரண்டு நிமிடங்களில் கப்பல் கவிழ்ந்து மூழ்கியது. அதில் இருந்த 1,196 பேரில் ஏறத்தாழ முந்நூறு பேர் கப்பலோடு போனார்கள். எஞ்சிய தொள்ளாயிரம் பேர் அளவில் நடுக்கடலில் மிதந்தார்கள். ஆகஸ்ட் 2 முற்பகல்வரை ஒருவரும் அவர்களைத் தேடி வரவில்லை. கடைசியில் பிழைத்தவர்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர் மட்டுமே.

இதன் பிறகு நடந்ததுதான் எனக்கு விளங்கவில்லை. உயிர் பிழைத்த கேப்டன் சார்லஸ் மெக்வே மீது அதே ஆண்டு டிசம்பரில் இராணுவ நீதிமன்ற விசாரணை நடந்தது. எதிரி நீர்மூழ்கியைக் குழப்பும் வண்ணம் கப்பலை வளைத்து வளைத்துச் செலுத்தவில்லை என்பதற்காக அவர் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. எதிரியின் தாக்குதலால் கப்பலை இழந்ததற்காக அந்தப் போரில் இவ்வாறு விசாரிக்கப்பட்ட அமெரிக்கக் கேப்டன் இவர் ஒருவரே என்கிறார்கள். தாக்கிய நீர்மூழ்கியின் தலைவர் மொச்சிட்சுரா ஹாஷிமோட்டோவையே வாஷிங்டனுக்கு வரவழைத்துச் சாட்சி சொல்லவைத்தார்கள். எப்படிச் செலுத்தியிருந்தாலும் என்னால் அக்கப்பலை மூழ்கடித்திருக்க முடியும் என்னும் பொருள்பட அவர் சொன்ன பிறகும் தீர்ப்பு அப்படியே வந்தது. எதிரியின் வாக்குமூலமே ஒருவருக்குச் சாதகமாக இருக்கும்போது அவரைத் தண்டிக்க எந்தச் சட்டம் இடம் தருகிறது? அதைவிட, ஆயிரம் பேருக்கு மேல் இருந்த ஒரு பெரிய போர்க்கப்பல் வரவேண்டிய நாளில் வரவில்லை என்பதைக் குவாமிலோ லெய்டேயிலோ ஒருவர்கூட எப்படிக் கவனிக்காமல் இருந்தார்கள்? கடல் தொழில் அறிந்தவர்களும் சட்டம் அறிந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

திசைகாட்டி எழுதியது:

ஐயா, உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்கு முதல் கேள்வியாகப் படுகிறது. நான் சரக்குக் கப்பல்களில் பல ஆண்டுகள் பணியாற்றியவன். நாள்தோறும் நண்பகலில் கப்பல் எங்கே இருக்கிறது, எவ்வளவு எரிபொருள் மிச்சம், எப்போது துறைமுகம் சேரும் என்று நிறுவனத்துக்கு ஓர் அறிக்கை அனுப்புவோம். அது ஒரு மணி நேரம் தாமதமானாலே அலுவலகத்திலிருந்து விசாரித்துச் செய்தி வந்துவிடும். அந்தப் பழக்கத்தில் ஊறிய எனக்கு, இண்டியானாபொலிஸ் விஷயத்தில் நடந்ததைப் படித்தபோது நெஞ்சு பதறியது.

பசிபிக் கடற்படையில் அன்று ஒரு நடைமுறை ஆணை இருந்தது. போர்க்கப்பல்கள் துறைமுகம் வந்து சேர்ந்ததை அறிவிக்கத் தேவையில்லை என்பது அதன் சாரம். போர்க்களத்தில் ஒரு போர்க்கப்பலின் பயணம் எந்த நேரமும் திருப்பிவிடப்படலாம். ஒவ்வொரு வருகையையும் வானொலியில் அறிவித்துக்கொண்டிருந்தால் எதிரிக்கும் அது செய்தியாகும். ஆகவே அந்த ஆணையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், வருகையை அறிவிக்க வேண்டாம் என்பது, வராமல் போனதையும் அறிவிக்க வேண்டாம் என்று பொருள்கொள்ளப்பட்டதுதான் பெரிய பிழை. குவாமிலும் லெய்டேயிலும் கப்பல்களின் நகர்வைக் குறித்துவைக்கும் பலகைகள் இருந்தன. ஜூலை 31 முற்பகல் இண்டியானாபொலிஸ் வந்து சேரவேண்டிய நேரம் கடந்ததும், அது வந்துவிட்டது என்றே இரண்டு இடங்களிலும் எடுத்துக்கொண்டார்கள். அந்நேரம் கப்பல் கடலடியில் கிடந்து ஒன்றரை நாள் ஆகியிருந்தது. அதன் ஆட்கள் நீரில் மிதந்துகொண்டிருந்தார்கள்.

இதோடு இன்னொரு தவறும் சேர்ந்துகொண்டது. லெய்டேயில் இக்கப்பல் பயிற்சிக்காகச் சேரவேண்டிய பிரிவின் தளபதிக்கு அது வரும் செய்தி வானொலியில் அனுப்பப்பட்டது. அது சிதைந்து வந்தது. மறுபடி அனுப்பும்படி யாரும் கேட்கவில்லை. ஆகவே அந்தப் பிரிவு அதை எதிர்பார்த்துக் காத்திருக்கவேயில்லை. வரும் என்று அறிந்திருந்த துறைமுக அலுவலகமோ அது வராததைப் பொருட்படுத்தவில்லை.

மூன்றாவதாக ஒன்று உண்டு; எனக்கு மிகவும் கசப்பானது இதுதான். கப்பலைத் தாக்கிய பிறகு ஹாஷிமோட்டோ தன் தலைமையகத்துக்கு வானொலியில் செய்தி அனுப்பினார். ஜப்பானியச் சங்கேத மொழியை உடைத்திருந்த அமெரிக்கர்கள் அதை ஒட்டுக்கேட்டும் இருந்தார்கள். எதிரி மிகைப்படுத்திச் சொல்வது வழக்கம் என்று அதைப் புறந்தள்ளிவிட்டார்கள். அந்த ஒரு செய்தியை நகர்வுப் பலகையோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒருவர் முனைந்திருந்தால் அன்றைக்கே தேடுதல் தொடங்கியிருக்கும்.

மெக்வே புறப்படுவதற்கு முன்பே அவரிடமிருந்து மறைக்கப்பட்டவையும் உண்டு. ஜூலை 24 அன்று லூசான் தீவுக்கு வடகிழக்கே அண்டர்ஹில் என்ற காவல் கப்பல், ஒரு நீர்மூழ்கியிலிருந்து ஏவப்பட்ட மனித டார்பிடோவால் அழிந்தது. அது அவருக்குச் சொல்லப்படவில்லை. ஐ-58 உள்ளிட்ட நீர்மூழ்கிகள் அந்தக் கடற்பகுதியில் நடமாடுவதைச் சங்கேத உடைப்பின் வழியே மேலிடம் அறிந்திருந்தது. அந்த இரகசியம் வெளிப்பட்டுவிடக் கூடாது என்பதற்காக அதுவும் அவர்வரை வரவில்லை. நீரடியில் இருக்கும் எதிரியைக் கண்டறியும் கருவி இண்டியானாபொலிஸில் இல்லை. அதனால்தான் இத்தகைய பெரிய கப்பல்கள் அக்கருவி கொண்ட நாசகாரிக் கப்பலோடு செல்வது வழக்கம். துணை கிடைக்குமா என்று மெக்வே கேட்டார், தேவையில்லை என்றார்கள். காதையும் கண்ணையும் கட்டி அனுப்பிவிட்டு, வழியில் ஏன் இடறினாய் என்று கேட்டது போலத்தான் பின்னர் நடந்தது.

வழக்குரை எழுதியது:

நண்பர் திசைகாட்டி எழுதியவை அனைத்தையும் ஏற்கிறேன். எனினும், பாய்மரம் ஐயா கேட்ட சட்டக் கேள்விக்கு நேரான விடை ஒன்று உண்டு. அது நம் மனத்துக்கு உவப்பானதாக இராது.

மெக்வே மீது இரண்டு குற்றச்சாட்டுகள் இருந்தன. கப்பலைக் கைவிடும் ஆணையை உரிய நேரத்தில் பிறப்பிக்கவில்லை என்பது ஒன்று. முதல் தாக்குதலிலேயே மின்சாரமும் உள்தொடர்பும் அறுந்துபோனதால் வாய்வழியாகவே ஆணையைப் பரப்ப வேண்டியிருந்தது என்பது சாட்சிகளால் தெளிவானது. இந்தக் குற்றச்சாட்டிலிருந்து அவரை நீதிமன்றம் விடுவித்தது. மற்றொன்று, வளைத்துச் செலுத்தத் தவறியதன் மூலம் கவனக்குறைவாகக் கப்பலை ஆபத்துக்கு உள்ளாக்கினார் என்பது. இதில்தான் தண்டனை.

குற்றச்சாட்டின் சொற்களைக் கவனியுங்கள். ‘கப்பலை இழந்தார்’ என்றில்லை; ‘ஆபத்துக்கு உள்ளாக்கினார்’ என்றே இருக்கிறது. கப்பலை இழந்தார் என்பது குற்றச்சாட்டாக இருந்திருந்தால், அவர் செய்யத் தவறியதுதான் இழப்புக்குக் காரணம் என்று அரசுத் தரப்பு நிறுவியாக வேண்டும்; ஹாஷிமோட்டோவின் சாட்சியம் அந்த வாதத்தை அங்கேயே முறித்திருக்கும். ஆபத்துக்கு உள்ளாக்கினார் என்றால் விளைவோடு அதற்குத் தொடர்பு தேவையில்லை. அன்றிரவு அந்த வழியில் ஒரு நீர்மூழ்கியும் இல்லாமல் கப்பல் நலமாக லெய்டே போய்ச் சேர்ந்திருந்தாலும், சொற்களின்படி அந்தக் குற்றம் நிகழ்ந்ததுதான். அமெரிக்க நீர்மூழ்கித் தலைவர்களில் பேர்பெற்ற கிளின் டோனஹோவும் வளைத்துச் செலுத்துவதால் பெரிய பயன் இருந்திராது என்றே சாட்சி சொன்னார். அந்தச் சாட்சியமும் இதே காரணத்தால் பயன்படவில்லை. எனவே தீர்ப்பு சட்டத்துக்குப் புறம்பானது என்று சொல்ல முடியாது. அந்தக் குற்றச்சாட்டைத் தேர்ந்தெடுத்தவர்களின் நோக்கத்தை வேண்டுமானால் கேள்வி கேட்கலாம், நான் கேட்கிறேன்.

மெக்வேயின் தரப்பில் இருந்த வலுவான வாதம், பயண ஆணையிலேயே வளைத்துச் செலுத்துவது கேப்டனின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது என்பதாகும். பகலில் அவர் அப்படித்தான் செலுத்தினார். மாலை மங்கியதும், வானம் மூட்டமாக இருந்ததால் நிறுத்தச் சொன்னார். வானம் தெளிந்தால் மறுபடி தொடங்க வேண்டும் என்பதும் காவல் அதிகாரிகளுக்குத் தெரிந்ததே. மேல்தளத்தில் அருகில் நிற்பவரின் முகமே தெரியாத அளவுக்கு இருட்டு என்று பிழைத்தவர்கள் கூறினார்கள். ஆனால் நள்ளிரவுக்கு ஒரு மணி நேரம் முன்பு மேகத்தின் இடைவெளியில் நிலா வந்தது. அந்தச் சிறு வெளிச்சத்தில்தான் நீர்மட்டத்துக்கு மேலே வந்திருந்த ஐ-58-இல் இருந்தவர்கள் தொடுவானத்தில் ஒரு கரும்புள்ளியைக் கண்டார்கள். ஹாஷிமோட்டோ உடனே கப்பலை மூழ்கச் செய்து, பெரிஸ்கோப்பின் வழியே அந்தப் புள்ளி தன்னை நோக்கியே பெரிதாகி வருவதைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

வளைத்துச் செலுத்துவதன் பயனைச் சிலர் முற்றாக மறுக்கிறார்கள். அதுவும் சரியன்று. நீரடியில் செல்லும்போது அக்கால நீர்மூழ்கியின் வேகம் மேலே செல்லும் குரூசரின் வேகத்தில் பாதிகூட இராது. இலக்கு திசை மாறிக்கொண்டே இருந்தால், தாக்குவதற்கு ஏற்ற இடத்துக்கு அது போய்ச் சேர்வதே கடினம். வளைத்துச் செலுத்துவது காப்பது அப்போதுதான். இலக்கு தானாகவே வந்து 1,500 மீட்டர் தொலைவில் நிற்கும் நிலையில், ஆறு டார்பிடோக்களை விசிறி போல விரித்து ஏவினால், அவை ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் இலக்கை அடைந்துவிடும். வளைவு ஒவ்வொன்றும் பல நிமிடங்கள் நீடிப்பது. அந்த ஒரு நிமிடத்துக்குள் கப்பல் திரும்பியிருந்தால் அது தற்செயலாகவே இருந்திருக்கும். ஹாஷிமோட்டோ சொன்னதன் உட்பொருள் இதுதான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் பதிவு செய்ய விரும்புகிறேன். பசிபிக் கடற்படையின் தலைமைத் தளபதி நிமிட்ஸ், இதை இராணுவ நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டாம், எழுத்துமூலக் கண்டனம் போதும் என்றே பரிந்துரைத்தார். வாஷிங்டனில் தளபதி கிங்கும் கடற்படைச் செயலர் ஃபாரஸ்டலும் அதை ஏற்காமல் விசாரணைக்கு உத்தரவிட்டார்கள். தீர்ப்பளித்த நீதிமன்றமே கருணை காட்டும்படி பரிந்துரைத்தது. பணிமூப்பில் நூறு இடங்கள் பின்தள்ளும் தண்டனை 1946-இல் தள்ளுபடி செய்யப்பட்டு, அவர் பணிக்குத் திரும்பினார். லெய்டே அதிகாரிகளுக்கும் கண்டனக் கடிதங்கள் கொடுக்கப்பட்டன. பின்னர் அவையும் திரும்பப் பெறப்பட்டன. கடைசியில் ஏட்டில் நிலைத்தது மெக்வேயின் குற்றத்தீர்ப்பு மட்டுமே.

பாய்மரம் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ‘இழந்தார்’, ‘ஆபத்துக்கு உள்ளாக்கினார்’ என்ற இரு சொற்களுக்கு இடையே இவ்வளவு தொலைவு இருக்கும் என்று நான் எண்ணவில்லை. இப்போது இன்னொரு ஐயம் எழுகிறது. சங்கேத உடைப்பின் வழியே மேலிடத்துக்குத் தெரிந்திருந்தவை நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டனவா? மற்றொன்று: யாரும் தேடவில்லை என்றால் அவர்கள் எப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டார்கள்? சுறாமீன்கள் நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றன என்று பல இடங்களில் எழுதப்படுகிறதே, அது உண்மையா?

வழக்குரை எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். வைக்கப்படவில்லை. அந்த ஆவணங்கள் பல பத்தாண்டுகள் இரகசியமாகவே காக்கப்பட்டு, 1990-களில்தான் ஆய்வாளர்கள் கைக்கு முழுமையாக வந்தன. தன்னிடமிருந்து எது மறைக்கப்பட்டது என்பதை அறியாமலே மெக்வே தன் வழக்கை நடத்தினார்.

நெய்தல் எழுதியது:

மற்ற இரு கேள்விகளுக்கு நான் எழுதுகிறேன். பிழைத்தவர்கள் பிற்காலத்தில் அளித்த நேர்காணல்களைத் தேடித்தேடிப் படித்தவள் நான். அவற்றைப் படித்துவிட்டு நெடுநேரம் எழுந்திருக்கத் தோன்றாது.

அவர்கள் கண்டுபிடிக்கப்பட்டது முழுக்க முழுக்கத் தற்செயல். ஆகஸ்ட் 2 முற்பகலில் வில்பர் க்வின் என்ற இளம் விமானி வென்சுரா வகை விமானத்தில் வழக்கமான கண்காணிப்புப் பணியில் இருந்தார். விமானத்தின் பின்னே நீளமாகத் தொங்கும் வானொலிக் கம்பி தொல்லை கொடுத்தது. அதன் நுனியில் இருக்கவேண்டிய எடை கழன்று போயிருந்தது. அதைச் சரிசெய்ய வழியுண்டா என்று பின்பக்கம் போய்க் குனிந்து கீழே பார்த்தபோது, கடலில் எண்ணெய் நீண்டு படர்ந்திருப்பது அவர் கண்ணில் பட்டது. எதிரி நீர்மூழ்கி ஒன்று எண்ணெய் கசிந்தபடி செல்கிறது என்று நினைத்து, குண்டு போட ஆயத்தமாகி விமானத்தைத் தாழ இறக்கினார். அப்போதுதான் எண்ணெய்க்கு நடுவே மனிதத் தலைகள் தெரிந்தன. முதலில் முப்பது பேர் என்று செய்தி அனுப்பினார். சுற்றிச் சுற்றிப் பார்க்கப் பார்க்க எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. இத்தனை பேர் எந்தக் கப்பலைச் சேர்ந்தவர்கள் என்பது அப்போது யாருக்கும் தெரியாது, ஏனெனில் எந்தக் கப்பலும் காணாமல் போனதாகவே கணக்கில் இல்லை.

அடுத்து வந்தவர் ஏட்ரியன் மார்க்ஸ். கேட்டலினா என்ற கடல் விமானத்தை ஓட்டியவர். திறந்த கடலில் இறங்கக் கூடாது என்பது நிலையான ஆணை. அலைகளோ ஓர் ஆள் உயரத்தைத் தாண்டி எழுந்துகொண்டிருந்தன. கூட்டத்திலிருந்து தனித்தனியே பிரிந்து மிதந்தவர்கள் ஒவ்வொருவராக மூழ்குவதைக் கண்டு, தன் குழுவினரின் ஒப்புதலைக் கேட்டுக்கொண்டு அவர் இறங்கினார். மோதியதில் விமானத்தின் அடிப்பகுதியில் ஆணிகள் தெறித்து நீர் கசிந்தது. உள்ளே இடம் நிறைந்த பிறகு, எஞ்சியவர்களை இறக்கைகளின் மேல் படுக்கவைத்து, உருண்டு விழாமலிருக்கப் பாராசூட் கயிற்றால் கட்டினார்கள். இப்படி 56 பேர். அந்த விமானம் மறுபடி பறக்கவேயில்லை; இரவு முழுவதும் ஒரு மிதவைபோல அவர்களைத் தாங்கிக்கொண்டு நின்றது.

மார்க்ஸ் வரும் வழியில் செசில் டாய்ல் என்ற காவல் கப்பலின் மேலாகப் பறந்தபோது அதன் தலைவர் கிரஹாம் கிளேட்டருக்குச் செய்தி சொன்னார். கிளேட்டர் மேலிட உத்தரவுக்குக் காத்திராமல் கப்பலைத் திருப்பினார். நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் அங்கே வந்தவர், தன் கப்பலின் தேடுவிளக்கை வானத்தை நோக்கித் திருப்பி எரியவிட்டார். நீர்மூழ்கிகள் திரியும் கடலில் அது தன்னையே எதிரிக்குக் காட்டிக்கொடுக்கும் செயல். ஆனால் இருட்டில் கண் திறக்க வலுவின்றி மிதந்தவர்களுக்கு, மேகத்தில் பட்டுத் தெரிந்த அந்த வெளிச்சம் இன்னும் சில மணி நேரம் உயிரைப் பிடித்துவைத்துக்கொள்ளும் தெம்பைத் தந்தது என்று பிழைத்தவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

சுறாக்களைப் பற்றி: அவை வந்தன, பலரைக் கொன்றன, அதில் ஐயமில்லை. ஆனால் இறந்தவர்களில் மிகப் பலரைக் கொன்றவை காயம், தாகம், வெயில், இரவின் குளிர், உப்புநீர். தாகம் தாளாமல் கடல்நீரைக் குடித்தவர்களுக்குச் சித்தம் கலங்கியது. அருகில் ஒரு தீவு தெரிகிறது என்றும், கீழே கப்பல் கிடக்கிறது, அதில் குடிநீர் இருக்கிறது என்றும் சொல்லி, அங்கியைக் கழற்றிவிட்டு மூழ்கிப் போனவர்கள் உண்டு. அவர்கள் அணிந்திருந்த உயிர்காப்பு அங்கிகள் இலவம்பஞ்சு திணித்தவை. நம் வீட்டுத் தலையணை நீரில் விழுந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். முதல் நாள் மார்பளவு மேலே நிறுத்திய அங்கி, மூன்றாம் நாள் நீர் ஊறி முகவாய்வரை இறக்கிவிட்டது. கப்பலின் மருத்துவர் லூயிஸ் ஹேன்ஸ், கைகள் வெந்திருந்த நிலையிலும், ஒவ்வொருவரிடமாக நீந்திச் சென்று கண்ணைத் தொட்டுப் பார்ப்பார். இமை அசையாவிட்டால் அங்கியைக் கழற்றி அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு, பிரார்த்தனை சொல்லி உடலை விட்டுவிடுவார். மருந்தோ கருவியோ இல்லாத ஒரு மருத்துவர் செய்யக்கூடியது அது ஒன்றாகவே இருந்தது. பாதிரியார் தாமஸ் கான்வேயும் அப்படியே குழுவுக்குக் குழு நீந்திக்கொண்டிருந்து, மூன்றாம் நாள் தானும் உயிர்விட்டார். அவருக்குக் கடற்படையின் உயர் விருதான நேவி கிராஸ் 2021-இல்தான் கொடுக்கப்பட்டது.

கலங்கரை எழுதியது:

மேலே எழுதியவர்களின் பதிவுகளை நன்றியோடு படித்தேன். மெக்வேக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்துவிடுகிறேன். அதற்கு முன்பு ஓர் ஒப்பீடு.

1923 செப்டம்பர் 8 இரவு, கலிபோர்னியாவின் ஹோண்டா முனையில் ஏழு நாசகாரிக் கப்பல்கள் சில நிமிட இடைவெளியில் வரிசையாகப் பாறைகளில் மோதி அழிந்தன. 23 பேர் இறந்தார்கள். சான் டியாகோ நோக்கி 20 நாட் வேகத்தில் சென்ற அந்த அணியில், முன்னே சென்ற டெல்ஃபி வேகத்தையும் நேரத்தையும் கொண்டு தன் இடத்தைக் கணக்கிட்டது. கரையிலிருந்து வானொலியில் வந்த திசைக் குறிப்பு அந்தக் கணக்கோடு முரண்பட்டபோது, குறிப்பை நம்பாமல் கணக்கை நம்பித் திரும்பியது. பின்னால் வந்தவை அதைத் தொடர்ந்தன. அணியின் தலைவர் எட்வர்ட் வாட்சன் விசாரணையில் முழுப் பொறுப்பும் தன்னுடையதே என்று ஏற்றுக்கொண்டார். பணிமூப்பை இழந்தார். அங்கே எதிரி இல்லை, மறைக்கப்பட்ட செய்தி இல்லை, கையில் வந்த எச்சரிக்கையை ஒதுக்கிய பிழை இருந்தது. கப்பலுக்கு நேர்வது எதுவாயினும் தலைவனே பொறுப்பு என்ற கடற்படை மரபு அத்தகைய நிகழ்ச்சிகளில் வளர்ந்தது. அங்கே அது பொருந்தவும் செய்கிறது. மெக்வேயும் அந்த மரபில் வந்தவர்தான். அவர் தந்தையும் கடற்படைத் தளபதி. அதனாலோ என்னவோ, தீர்ப்பைப் பற்றி அவர் வெளிப்படையாகக் குறைகூறவில்லை. ஆனால் எச்சரிக்கையே தரப்படாதவர் மீது அதே மரபைச் சுமத்தியதை என்னால் ஏற்க முடியவில்லை.

1949-இல் அவர் ஓய்வு பெற்றார். மகனை இழந்த குடும்பங்கள் சில அவருக்கு ஆண்டுதோறும் வசைக் கடிதங்கள் அனுப்பிக்கொண்டிருந்தன. கிறிஸ்துமஸ் நாள்களில்கூட அவை வந்தன. 1960-இல் பிழைத்தவர்கள் முதன்முறையாக இண்டியானாபொலிஸ் நகரில் ஒன்றுகூடியபோது, எப்படி நடத்துவார்களோ என்ற அச்சத்தோடுதான் போனார். விமானத்திலிருந்து இறங்கியவரை அவருடைய மாலுமிகள் விறைத்து நின்று வணக்கம் வைத்து வரவேற்றார்கள். ஆனாலும் அந்தக் கடிதங்களின் பாரம் இறங்கவில்லை. 1968 நவம்பர் 6 அன்று கனெக்டிகட் மாநிலத்தில் தன் வீட்டில் அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

அவர் பெயரை மீட்கப் பிழைத்தவர்கள் பல பத்தாண்டுகள் போராடினார்கள். அதற்கு எதிர்பாராத துணை ஃபுளோரிடாவின் பென்சகோலாவிலிருந்து வந்தது. சுறாமீன் பற்றிய ஒரு திரைப்படத்தில் இக்கப்பல் குறிப்பிடப்படுவதைப் பார்த்த ஹண்டர் ஸ்காட் என்ற பள்ளிச் சிறுவன், வரலாற்றுப் பாடத்துக்கான செயல்திட்டமாக இதை எடுத்துக்கொண்டு, பிழைத்தவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதினான்; செய்தித்தாள்கள் கவனித்தன; 1999-இல் செனட் குழுவின் முன் பிழைத்தவர்களோடு அவனும் சாட்சியம் அளித்தான். அதே ஆண்டு, போருக்குப் பின் ஷின்டோ கோவில் பூசகராக வாழ்ந்துவந்த ஹாஷிமோட்டோவும் செனட்டர் ஜான் வார்னருக்குக் கடிதம் எழுதி, மெக்வேயின் பெயரைத் துடைக்கும்படி வேண்டினார். 2000 அக்டோபரில் காங்கிரஸ் தீர்மானம் நிறைவேறி, 30-ஆம் நாள் கிளிண்டன் கையொப்பமிட்டார். ஹாஷிமோட்டோ அதற்கு ஐந்து நாள்களுக்கு முன்பு இறந்திருந்தார்.

2001 ஜூலையில் கடற்படைச் செயலர் கார்டன் இங்லண்ட், கப்பல் இழப்புக்கு மெக்வே குற்றமற்றவர் என்ற அறிவிப்பை அவருடைய பணிப்பதிவேட்டில் சேர்க்க ஆணையிட்டார். வழக்குரை அவர்கள் விளக்கியதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள்: தீர்மானம் விடுவித்தது ‘இழப்பு’ என்ற பழியிலிருந்து. 1945-இன் தீர்ப்பு நீக்கப்படவில்லை. அது இன்றும் அதே ஏட்டில் இருக்கிறது, அதன் அருகே இந்தத் தாளும் இருக்கிறது.

பாய்மரம் எழுதியது:

அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. நான் கேட்டதைவிட மிகுதியாகவே தந்துவிட்டீர்கள். 2017 ஆகஸ்ட் 19 அன்று பால் ஆலனின் ஆய்வுக் குழு 5,500 மீட்டர் ஆழத்தில் இக்கப்பலைக் கண்டறிந்து எடுத்த படங்களை நேற்று மறுபடி பார்த்தேன். முகப்பின் பக்கவாட்டில் 35 என்ற கப்பல் எண் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. இதுவரை அந்தப் படத்தை வெறும் உலோகமாகப் பார்த்திருந்தேன்.

திசைகாட்டி எழுதியது:

ஐயா, ஒரு சிறு திருத்தம். உங்கள் முதல் பதிவில் 1,196 பேர் என்று குறிப்பிட்டிருந்தீர்கள். நெடுங்காலம் எல்லா நூல்களிலும் அப்படித்தான் இருந்தது. பிழைத்தவர்கள் 317 என்றும் இருந்தது. கப்பல் புறப்படுவதற்குச் சற்று முன்பு, அதிகாரிப் பயிற்சிக்குத் தேர்வான ஒரு வானொலிப் பணியாளர் இறக்கிவிடப்பட்டார். அவர் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படாமலே போயிற்று. ஆவணங்களை ஒப்பிட்டு 2018-இல் கடற்படை இதைத் திருத்தியது. கப்பலில் இருந்தவர்கள் 1,195 பேர், பிழைத்தவர்கள் 316 பேர். இறந்தவர்கள் 879 பேர் என்ற கணக்கில் மாற்றமில்லை.